கம்பியை இழுத்துப் பார்க்கும் கை

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு நாவலூர் வேறு முகம் காட்டும். கழுத்தில் அடையாள அட்டை ஆட, கம்பெனிப் பேருந்துக்கு ஓடுகிற கூட்டம் இருக்காது. மெட்ரோ வேலைக்காகச் சாலை நடுவில் அடைத்த தடுப்புகள் மட்டும் அப்படியே நிற்கும். அவற்றுக்கு இந்தப் பக்கம், அடுக்குமாடிகளின் வாசல்தோறும் குடும்பம் குடும்பமாக ஆட்கள். மாற்றுத்துணி திணித்த பை, துண்டு, தொப்பி, தண்ணீர் பாட்டில், பாட்டியின் கையில் எவர்சில்வர் தூக்கு. ராத்திரி சரியாகத் தூங்காத பிள்ளைகள், வருகிற வண்டி ஒவ்வொன்றையும் தங்கள் வண்டி என்று நினைத்து எட்டிப் பார்க்கிறார்கள்.

ராட்டினம் ஏறப் போகிறவர்கள் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். இந்தப் பக்கத்துக்கு இது புதிதல்ல. தொண்ணூறுகளில் தாம்பரத்துப் பிள்ளைகளுக்குக் கிஷ்கிந்தா இருந்தது. ஈஞ்சம்பாக்கத்தில் வி.ஜி.பி., முட்டுக்காட்டில் எம்.ஜி.எம். என்று கடலோரமாக இரண்டு. 2025 டிசம்பரில் திருப்போரூருக்கு அருகே இள்ளலூரில் வொண்டர்லா திறந்தது. 64 ஏக்கர், 43 ராட்டினங்கள், 611 கோடி ரூபாய் முதலீடு. எந்தப் பூங்காவுக்குக் கிளம்பினாலும் நாவலூரிலிருந்து எட்டிவிடும் தூரம்தான். அதனால் அங்கே வேலை பார்க்கிற பலருக்கும் இந்த வட்டாரத்தில்தான் அறை வாடகை.

அப்படி இரண்டு பேர் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். பூங்கா வேன் வருவதற்குக் காத்திருந்தார்கள். ஒருவருக்கு ஐம்பத்தைந்து இருக்கும். நீல நிறச் செக்யூரிட்டி சட்டை, பளபளக்கும் ஷூ, உட்கார்ந்திருக்கும்போதும் நிமிர்ந்த முதுகு. பட்டாளத்தில் இருந்தவர் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மற்றவனுக்கு இருபத்தைந்து இருக்கலாம். ஐ.டி.ஐ. படித்த கை. எவ்வளவு தேய்த்தாலும் போகாத கிரீஸ் நகக்கண்ணில் கறுப்பாக ஒட்டியிருந்தது. ராட்டினம் ஓட்டுகிறவன்.

பெரியவர் முந்தைய நாள் நடந்ததைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

"நேத்து ஒருத்தரு கேக்குறாரு தம்பி, 'எங்களைப் பாத்தா திருடன் மாதிரி இருக்கா?'ன்னு. பொண்டாட்டி புள்ளைங்க முன்னாடி பையைத் தொறந்து காட்டுறது அவருக்கு மானக்கேடாப் போச்சு. நான் என்ன செய்ய? கோயம்புத்தூர்ல குண்டு வெடிச்சப்போ நான் சர்வீஸ்ல இருந்தேன். லீவுல வந்தா ஊரே வேற மாதிரி இருந்துச்சு. கேட்ல நான் அசந்தா, உள்ள அத்தனை புள்ளைங்க."

"நீங்க சொல்றது சரிதாண்ணே. ஆனா நம்ம மெட்ராஸ் பக்கம் பார்க்ல செத்தவங்க யாரும் குண்டு வெடிச்சுச் சாகலையே. ராட்டினத்துலதானே செத்தாங்க?"

"அதுக்காகப் பையைப் பாக்காம விட்றதா?"

"விடச் சொல்லலைண்ணே. பையைத் தொறந்து பாத்தா பாதுகாப்பு முடிஞ்சுதுன்னு எல்லாரும் நெனைக்கிறாங்க. அதான் எனக்கு ஆகலை."

பெரியவர் பதில் சொல்லவில்லை. டீயை ஒரே மூச்சில் குடித்துவிட்டுக் கண்ணாடித் தம்ளரைத் தட்டில் வைத்தார். வேன் வந்தது. இரண்டு பேரும் ஏறிப் போனார்கள்.

அன்று எங்கள் வீட்டுப் பிள்ளைகளும் பூங்காவுக்குத்தான் கிளம்பியிருந்தார்கள். நானும் கூடப் போனேன். அவர்கள் உள்ளே ஓடியபின் வாசலோர நிழலில் நின்றுகொண்டேன். காலையில் கேட்ட அந்த நாலு வரிப் பேச்சு மனதைவிட்டு அகலவில்லை. இருவர் சொன்னதிலும் உண்மை இருந்தது.

பெரியவரின் பயத்துக்கு ஆதாரம் உண்டு. 2007 ஆகஸ்ட் 25 மாலை ஹைதராபாத் லும்பினி பூங்காவில் லேசர் ஒளிக்காட்சி பார்க்க உட்கார்ந்திருந்த கூட்டத்தின் நடுவே குண்டு வெடித்தது. சிறிது நேரத்தில் கோட்டியில் கோகுல் சாட் கடையில் இன்னொன்று. இரண்டிலுமாக நாற்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். 2016 மார்ச் 27, ஈஸ்டர் ஞாயிறு. லாகூரின் குல்ஷன்-ஏ-இக்பால் பூங்காவில் பிள்ளைகள் ஊஞ்சலாடிய இடத்துக்கு அருகே தற்கொலைப்படை ஆள் வெடித்தான். எழுபதுக்கும் மேற்பட்டோர் போனார்கள், அதில் ஏராளமான குழந்தைகள். பிள்ளைகள் கூடும் இடத்தைக் குறிபார்க்கிற மனம் இருக்கிறது என்பதற்கு இதற்குமேல் சாட்சி வேண்டாம். 2015 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவில் டிஸ்னி, யுனிவர்சல், சீவேர்ல்டு மூன்றும் ஒரே நாளில் மெட்டல் டிடெக்டர்களை வாசலில் நிறுத்தின. நம் ஊரில் 2008 மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு மால், தியேட்டர், ஓட்டல் என்று எங்கு போனாலும் அந்தக் கதவுச் சட்டம் நம்மை எதிர்கொள்கிறது.

இளைஞனின் கணக்கும் பொய்யில்லை. 2012இல் பூந்தமல்லிப் பக்கத்துப் பூங்கா ஒன்றில் ஓர் இளம்பெண் சுழலும் ராட்டினத்திலிருந்து தூக்கியெறியப்பட்டு இறந்தார். 2016 மே மாதம் தாம்பரம் கிஷ்கிந்தாவில் ராட்டினம் ஒன்றைச் சோதித்து ஓட்டியபோது அது முறிந்தது. ஏறியிருந்தவர்கள் அங்கே வேலை பார்த்த பையன்கள். ஒருவர் இறந்தார், மற்றவர்கள் காயப்பட்டார்கள். 2019இல் பழஞ்சூர் குயின்ஸ்லேண்டில் மேலிருந்து இறங்கும் ராட்டினத்தின் கம்பிவடம் அறுந்து இருக்கைகள் தடாலென்று விழுந்ததை ஊரே கைபேசியில் பார்த்தது. 2025 மே 27 மாலை ஈஞ்சம்பாக்கம் வி.ஜி.பி.யில் ராட்டினம் அந்தரத்தில் நின்றுபோக, முப்பதுக்குக் குறையாத பேர், குழந்தைகள் உட்பட, சுமார் மூன்று மணி நேரம் தொங்கினார்கள். தீயணைப்புத் துறை பெரிய ஏணி வண்டியோடு வந்து கொஞ்சம் கொஞ்சமாக இறக்கியது. இவற்றில் ஒன்றைக்கூட வாசலில் பையைத் திறந்து பார்த்துத் தடுத்திருக்க முடியாது.

வாசலுக்கு வருகிறேன்.

கதவுச் சட்டம் வருகிறவர்கள் எல்லோருக்கும் கத்தியது. பெல்ட்டுக்குக் கத்தியது, சாவிக்குக் கத்தியது, கைபேசிக்குக் கத்தியது. சிவப்பு விளக்கு எரிந்து அணைந்தது. கத்துகிறதே என்று யாரும் நிற்கவில்லை, நிறுத்தவும் இல்லை. எல்லோருக்கும் ஒரேபோலக் கத்துகிற கருவியின் சத்தத்துக்குப் பொருள் போய்விடுகிறது. உண்மையான வேலை அதற்கு அடுத்த மேசையில் நடந்தது. காலையில் பார்த்த பெரியவர் அங்கே நின்றார்.

அவர் கைகளைத்தான் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். பையைக் கவிழ்க்கவில்லை. ஜிப்பை முழுவதும் திறந்து, ஒரு கையால் வாயை விரித்து, மறுகையின் விரல்களைத் துணிகளுக்கு அடியில் செலுத்தி, அடிப்பக்கத்தைத் தடவி, வெளியே எடுத்துவிடுவார். உள்ளாடை வைத்திருந்த சிறு பையை வெளியிலிருந்தே அழுத்திப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். தீப்பெட்டி, லைட்டர், பீடிக்கட்டு ஆகியவை ஒரு பிளாஸ்டிக் டப்பாவுக்குப் போயின. பதினைந்து நொடிகூட ஆகவில்லை ஒரு பைக்கு. ஒவ்வொன்றுக்கும் "தேங்க்ஸ்ங்க" என்று சொன்னார்.

ஒரு பாட்டியின் சுருக்குப்பையில் பாக்குவெட்டி இருந்தது. பித்தளை, கைப்பிடி தேய்ந்து வழவழத்திருந்தது. பெரியவர் அதை மேசைமேல் வைத்தார்.

"பாட்டிம்மா, இது உள்ள போகக் கூடாது. இங்க வெச்சிட்டுப் போங்க, சாயங்காலம் வாங்கிக்கலாம்."

"எங்கம்மா குடுத்ததுப்பா அது. கல்யாணத்துக்கு."

"தெரியுதும்மா. நான் பாத்துக்கறேன்."

ஒரு காகிதத் துண்டில் எண் எழுதி, நூல்போட்டு பாக்குவெட்டியின் கைப்பிடியில் கட்டினார். இன்னொரு துண்டைப் பாட்டியிடம் கொடுத்தார். பாட்டி அதைச் சுருக்குப்பையில் வைத்து வாயை இழுத்துக் கட்டிக்கொண்டு, நாலடி போய், திரும்பி ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள். பின்னால் நின்ற இளைஞர்கள் முணுமுணுத்தார்கள். அந்த ஒரு நிமிடம் எனக்கு வீணாகத் தெரியவில்லை. இப்படிச் செய்கிற சோதனையில் யாரும் திருடனாக உணர மாட்டார்கள்.

பெண்கள் வரிசையில் திரைக்குப் பின்னால் ஒரு செக்யூரிட்டிப் பெண். திரை சரியாக மூடவில்லை. அவளே அடிக்கடி அதை இழுத்துவிட்டுக்கொண்டாள். கையில் பிடித்த டிடெக்டர் ஓர் அம்மாவின் கழுத்தருகே போனதும் கூவியது. அந்த அம்மா முந்தானைக்குள்ளிருந்து தாலிக்கொடியை வெளியே எடுத்தாள். அதில் ஐந்தாறு ஊக்குகள் கோத்திருந்தன. "இதுதான்மா கத்துது" என்றாள். "எனக்கும் இப்படித்தான்க்கா" என்று அந்தப் பெண் தன் கழுத்தைக் காட்டினாள். இருவரும் சிரித்தார்கள். அடுத்தவரிடம் நகர்ந்தாள். வரிசை நீண்டிருந்தது, அவள் ஒருத்திதான். ஆண்களுக்கு மூன்று மேசை போட்டிருந்த நிர்வாகம், பெண்களுக்கு ஒருத்தியை நிறுத்தியிருந்தது. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் பாதிக்கு மேல் பெண்களும் குழந்தைகளும் என்பது தெரியாத விஷயமா?

வரிசை நீண்டால் வெறும் எரிச்சலோடு போவதில்லை. 2025 ஜூன் 4 அன்று பெங்களூரு சின்னசாமி மைதானத்தில் கூட்ட நெரிசலில் 11 பேர் இறந்தது உள்ளே இல்லை, வாசல்களில்தான். சோதனைக்காகக் கூட்டத்தைக் குறுகிய இடத்தில் தேக்குவதே ஓர் ஆபத்து. பத்து மணிக்கு அந்த வாசலில் குழந்தையைத் தோளில் தூக்கியவர்கள் முன்னாலிருப்பவரின் முதுகில் இடித்துக்கொண்டு நின்றார்கள். கூடுதலாக இரண்டு மேசையும் மூன்று பெண்களும் போட்டால் தீர்ந்துபோகிற நெரிசல் அது.

சாப்பாட்டு விஷயத்தைச் சொல்லாமல் போக முடியாது. வாசலில் அதிக நேரம் போனதும், அதிகச் சண்டை நடந்ததும் அதற்காகத்தான். தூக்கைத் திறந்தால் புளியோதரை. அதன்மேல் வாழை இலைத் துண்டில் அப்பளம். இன்னொரு பையில் முறுக்கு. எல்லாம் வெளியே. கைக்குழந்தைக்கான பால் மட்டும் விட்டார்கள். திரையரங்குகள் வெளி உணவைத் தடுக்கலாம், ஆனால் குடிநீர் இலவசமாகத் தர வேண்டும், குழந்தை உணவைத் தடுக்கக் கூடாது என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது. பூங்காக்களும் அதே வழக்கத்தைப் பிடித்துக்கொண்டிருக்கின்றன. அது வியாபார விதி. நாலு பேர் குடும்பம் நுழைவுச்சீட்டுக்கே சில ஆயிரம் கொடுத்துவிட்டு மத்தியானச் சோற்றுக்கும் உள்ளேயே செலவழிக்க வேண்டும் என்பது எனக்கு நியாயமாகப் படவில்லை. அதைவிடப் பெரிய குறை, வியாபார விதியைக் காக்கிற வேலையையும் உயிரைக் காக்கிற வேலையையும் ஒரே ஆளின் தலையில் கட்டியது. புளியோதரைக்காக நாள் முழுக்க வசவு வாங்குகிற மனிதரின் கண், மாலை நான்கு மணிக்கு வரவேண்டாத ஒன்று வந்தால் அதைப் பார்க்குமா? சாப்பாட்டுப் பையை வாங்கி வைக்க வேறு ஆள், வேறு மேசை போடட்டும்.

தனியார் செக்யூரிட்டிகளுக்கான 2005ஆம் ஆண்டுச் சட்டத்தின் மாதிரி விதிகள், ஒரு காவலருக்கு வகுப்பறையில் 100 மணி நேரம், களத்தில் 60 மணி நேரம் பயிற்சி தர வேண்டும் என்கின்றன. பட்டாளத்திலிருந்தோ போலீஸிலிருந்தோ வந்தவருக்குக் குறைவு. கூட்டத்தைக் கையாள்வது, தீ, முதலுதவி எல்லாம் அந்தப் பாடத்தில் உண்டு. அந்த மேசையில் நின்ற பெரியவரிடம் அந்தப் பயிற்சி விரல் நுனியில் தெரிந்தது. அவருக்குப் பக்கத்து மேசையில் நின்ற பையனிடம் தெரியவில்லை. பைகளை வெளியே தட்டிப் பார்த்து அனுப்பிக்கொண்டிருந்தான். அவனுக்கு யாராவது சொல்லித் தந்திருப்பார்களா என்பதே சந்தேகம். வெயில் ஏற ஏற இரண்டு கால்களிலும் மாறி மாறி நின்றான். உட்கார முக்காலி கிடையாது.

மத்தியானம் உள்ளே போனேன்.

காலையில் பார்த்த இளைஞன் உயரமான ஒரு ராட்டினத்தின் மேடையில் நின்றான். நாற்காலிகள் நான்கு நான்காக வரும். ஆட்கள் உட்கார்ந்ததும் மேலிருந்து கம்பி மடிமேல் இறங்கும். அவன் முதல் வரிசையிலிருந்து தொடங்குவான். ஒவ்வொரு கம்பியையும் முதலில் கீழே அழுத்துவான், பிறகு மேலே இழுப்பான். அழுத்து, இழு. பெல்ட்டின் கொக்கியை விரலால் சுண்டுவான். அடுத்த நாற்காலி. எதிர்ப்புறத்திலிருந்து இன்னொரு பையன் அதையே செய்துகொண்டு வருவான். அவன் பார்த்ததை இவன் மறுபடி பார்ப்பான். கடைசியில் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்துவார்கள். அதன்பிறகே கண்ணாடி அறைக்குள் இருப்பவர் பொத்தானை அழுத்துவார். நாள் முழுக்க இதுதான். சலிப்பு தட்டாத மனிதன் உண்டா? ஆனால் நான் பார்த்த நேரத்தில் ஒரு நாற்காலியைக்கூட அவன் தாண்டிப் போகவில்லை.

உயரம் காட்டுகிற பலகைக்குப் பக்கத்தில் ஒரு தகப்பனும் மகனும். பையன் கோட்டுக்கு ஒரு விரற்கடை கீழே நின்றான். குதிகாலை உயர்த்தினான். இளைஞன் குனிந்து அவன் தோளை மெல்ல அழுத்தினான்.

"அடுத்த வருசம் வாடா தம்பி."

"ஏங்க, காசு குடுத்துதானே வந்திருக்கோம்? நான் பக்கத்துல உக்காந்து புடிச்சிக்கிறேன்."

"சார், நீங்க புடிச்சாலும் நிக்காது சார்."

"ஒரு இஞ்சுக்கு என்னய்யா ஆயிடப்போகுது?"

"வேணாம் சார்."

தகப்பன் மேலாளரைக் கூப்பிடு என்றார். பையன் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டான். வரிசையில் நின்ற சிலர் தகப்பனுக்குப் பரிந்து பேசினார்கள். இளைஞன் அதற்குமேல் வாயைத் திறக்கவில்லை, வழியையும் விடவில்லை. அந்த ஒரு இஞ்சுக்குப் பின்னால் உடம்பின் கணக்கு இருக்கிறது. மடிக்கம்பி இடுப்பெலும்பின்மேல் உட்கார்ந்தால்தான் ஆளைப் பிடிக்கும். இரண்டு பேருக்கு ஒரே கம்பி என்றால் அது பெரிய ஆளின் வயிற்றோடு நின்றுவிடும், சின்னவனின் மடிக்கும் கம்பிக்கும் நடுவே இடைவெளி விழும். தலைகீழாகப் போகிறபோது அந்த இடைவெளி வழியாகப் பிள்ளை வழுக்கி வந்துவிடுவான். எந்தத் தகப்பன் கையும் அந்த வேகத்தில் பிடிக்காது. நுழைவுச்சீட்டு வாங்குகிற இடத்திலேயே இதைப் படம்போட்டு எழுதி வைத்திருந்தால் அந்தத் தகப்பனுக்கு மேடையில் மானம் போயிருக்காது, பையனுக்கும் அழுகை வந்திருக்காது.

ஒரு பெண்ணின் துப்பட்டாவை இடுப்பில் முடியச் சொன்னான். பின்னலைக் கொண்டையாகப் போடச் சொன்னான். அவள் முகம் சுளித்தாள். 2018இல் ஹரியானாவின் பிஞ்சோரிலும், 2020இல் ஹைதராபாத்திலும் கோ-கார்ட் வண்டியின் சக்கரத்தில் கூந்தல் சிக்கி இரண்டு பெண்கள் இறந்தார்கள். அவளுக்கு அது தெரிந்திருக்க நியாயமில்லை. அவனுக்குத் தெரிந்திருந்ததோ என்னவோ, அவள் கொண்டை போட்டு முடிக்கும்வரை நகரவில்லை.

மூன்று மணி வாக்கில் ராட்டினம் நின்றது. நாற்காலிகள் மேடைக்கு வந்தபின்தான், நல்லவேளை. கண்ணாடி அறையில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்தது. இருந்தவர்களை இறக்கிவிட்டு, வரிசையை மூடும் சங்கிலியை மாட்டினார்கள். கீழே ஏணி போட்டு ஒருவர் இறங்கினார். வெயிலில் வெகுநேரம் நின்றிருந்த கூட்டம் பொறுமை இழந்தது. கைதட்டினார்கள், விசிலடித்தார்கள். "ஓட்டுடா" என்று ஒரு குரல். "சும்மா சென்சாரா இருக்கும், ரீசெட் பண்ணுய்யா" என்று விவரம் தெரிந்த ஒருவர்.

எனக்கு அப்போது இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் நினைவுக்கு வந்தது. 2015 ஜூன் 2. ஸ்மைலர் என்ற ராட்டினத்தின் தண்டவாளத்தில் ஆளில்லாத பெட்டி ஒன்று நின்றுபோயிருந்தது. கணினி அதைக் கண்டுபிடித்து, பின்னால் ஆட்களோடு வந்த பெட்டியைச் சரியாகவே நிறுத்தியும் விட்டது. இயந்திரம்தான் தவறாகச் சொல்கிறது என்று நினைத்த பொறியாளர்கள், அதன் தடையை மீறி ஓட்டினார்கள். பெட்டி போய் மோதியது. 16 பேருக்குக் காயம், இரண்டு இளம்பெண்களுக்குத் தலா ஒரு கால் போயிற்று. நிர்வாகத்துக்கு 50 லட்சம் பவுண்டு அபராதம். கருவி தன் வேலையைச் செய்திருந்தது. அவசரம்தான் அதை முறியடித்தது.

இங்கே அவர்கள் மீறவில்லை. அரை மணி நேரம் கழித்து ஆளில்லாமல் ஒரு சுற்று விட்டார்கள். மறுபடி ஒரு சுற்று. அதன்பிறகே சங்கிலியைக் கழற்றினார்கள். கூட்டம் அவர்களுக்குக் கொடுத்தது ஓர் ஏளனக் கைதட்டல். வாசலில் பையைத் திறக்கச் சொன்னவரிடம் சண்டை போட்டோம், ராட்டினத்தை நிறுத்தியவர்களிடம் சண்டை போட்டோம். நம் பிள்ளைகளுக்காக நின்ற மனிதர்களிடமே நாள் முழுக்கச் சண்டை போட்டுக்கொண்டிருந்தோம் என்பது எனக்குத் தாங்கவில்லை.

சண்டை போட வேண்டிய இடம் வேறு. 2024 மே 25 அன்று ராஜ்கோட்டில் டி.ஆர்.பி. விளையாட்டுக்கூடம் எரிந்தபோது 27 பேர் இறந்தார்கள், அதில் குழந்தைகளும் உண்டு. 99 ரூபாய்ச் சலுகைச் சீட்டு என்று கூட்டத்தைச் சேர்த்திருந்தார்கள். தீயணைப்புத் துறையின் தடையில்லாச் சான்று இல்லை. உள்ளே எரிபொருள் சேர்த்து வைத்திருந்தார்கள், வெல்டிங் வேலையும் நடந்துகொண்டிருந்தது. சான்று எங்கே என்று வாசலில் ஒருவர் கேட்டிருந்தால்? கேட்கிற பழக்கம் நமக்கு இல்லை. 2019 ஜூலையில் அகமதாபாத் காங்கரியாவில் ஊசலாடும் ராட்டினத்தின் தண்டு முறிந்து இரண்டு பேர் இறந்து, இருபதுக்கும் மேற்பட்டோர் காயப்பட்டபோதும் அதே கதை. விழுந்தபின்தான் பராமரிப்புக் குறிப்பேட்டைத் தேடினார்கள்.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் ராட்டினங்களுக்கு ஐ.எஸ். 15475 என்றும், நீர்ப் பூங்காக்களுக்கு ஐ.எஸ். 15492 என்றும் நெறிகளை வகுத்திருக்கிறது. நல்ல பூங்காக்கள் தினமும் காலையில் ஒவ்வொரு ராட்டினத்தையும் பார்த்துக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போடுகின்றன. கையெழுத்துப் போட்ட அந்தத் தாள் எங்கோ ஓர் அறையில், கோப்பில் இருக்கிறது. என் பையின் அடிவரை அவர்கள் பார்க்கட்டும், எனக்கு ஆட்சேபம் இல்லை. அந்தத் தாளை நான் பார்க்க வேண்டும். ராட்டினத்தின் வரிசை தொடங்குகிற இடத்தில், உயரம் காட்டும் பலகைக்குப் பக்கத்தில், இன்று காலை எத்தனை மணிக்கு ஓட்டிப் பார்த்தார்கள், யார் கையெழுத்து, கடைசியாக வெளியாள் வந்து ஆய்வு செய்தது எப்போது, தீயணைப்புச் சான்று எந்தத் தேதிவரை என்று ஒட்டி வைக்கட்டும். மின்தூக்கியில் உரிமத் தாள் ஒட்டுகிறார்கள் அல்லவா? தலைகீழாகத் தொங்கவிடுகிற இயந்திரத்துக்கு அதைவிடக் குறைவாகவா கேட்பது? பூங்காக்களே தாமாகச் செய்யலாம். செய்யாவிட்டால் அரசு உத்தரவு போடலாம். பெரிய செலவொன்றும் இல்லை, ஒரு தாளும் ஒரு கண்ணாடிச் சட்டமும்தான்.

ராட்டினத்தை மறுபடி திறந்தபின் முதலில் ஏற நின்ற கூட்டத்தில் பள்ளிக்கூடப் பெண்ணொருத்தி இருந்தாள். பதின்மூன்று வயது இருக்கலாம். ஏறி உட்கார்ந்தாள். கம்பி இறங்கியது. இளைஞன் அவளிடம் வந்து அழுத்தினான், இழுத்தான். அவள் நிமிர்ந்து அவனைக் கேட்டாள்.

"அண்ணா, காலைல இதை ஓட்டிப் பாத்தீங்களா?"

அன்று முழுவதும் அவனிடம் யாரும் கேட்டிராத கேள்வியாக இருக்க வேண்டும். அவன் கை கம்பிமேல் நின்றது.

"பாத்தோம்மா. முதல்ல ஆள் இல்லாம விட்டோம். அப்புறம் நானும் அந்த அண்ணனும் ஏறி ஒரு ரவுண்டு போயிட்டு வந்தோம்."

"டெய்லி நீங்கதான் ஃபர்ஸ்ட்டு போவீங்களா?"

"ஆமா. டெய்லி."

கிஷ்கிந்தாவில் அன்று ஏறியிருந்தவர்களும் இவன் வயதுப் பையன்கள்தான். அந்தப் பெண்ணுக்கு அது தெரியாது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மா, தன் கம்பியைத் தானே ஒருமுறை இழுத்துப் பார்த்தாள். ஆட்டம் காண்கிற மாதிரி இருக்கிறது என்றாள். அவன் வந்து பார்த்தான். கண்ணாடி அறையைப் பார்த்துக் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னான். கம்பியை மேலே தூக்கிவிட்டு, அம்மாவைச் சற்றுப் பின்னால் சாய்ந்து உட்காரச் சொல்லி, மறுபடி இறக்கினான். அழுத்தினான், இழுத்தான்.

"இப்ப பாருங்கம்மா."

அவள் இழுத்துப் பார்த்தாள். சரி என்றாள். அவன் அடுத்த நாற்காலிக்குப் போனான். அங்கே உட்கார்ந்திருந்தவரும் தன் கம்பியை இழுத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.